சமாதானக் கூட்டம் முடிந்த மறுநாள்

கூழ் வார்க்கும் திருவிழாவில் அம்மன் எந்தத் தெரு வழியாகப் போவது என்று தகராறு. மாடு விடும் விழாவில் தகராறு. கொடிக்கம்பம், பேனர், தலைவர் சிலை என்று தகராறு. அடுத்து என்ன நடக்கும் என்பது வேலூர், குடியாத்தம், ஆம்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு அத்துப்படி. ஊர் முனையில் போலீஸ் வேன் வந்து நிற்கும். இரண்டு தரப்பிலும் சிலர் மேல் வழக்குப் போடுவார்கள். தாசில்தார் தலைமையில் சமாதானக் கூட்டம் நடக்கும். பெரியவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். மறுநாள் பேப்பரில் ‘சுமுக முடிவு’ என்று நாலு வரி வரும். கொஞ்ச நாளில் வேனும் போய்விடும்.

அதற்குப் பிறகு அந்த ஊரில் செய்ய வேண்டிய வேலை என்ன? பிளவுபட்டுக் கிடக்கும் சமூகங்களைப் பற்றி யோசித்தவர்கள் இந்தக் கேள்வியில் பல பத்தாண்டுகள் உழைத்திருக்கிறார்கள். அந்த வேலைக்கு ‘அமைதியைக் கட்டியெழுப்புதல்’ என்றும், அதன் மையமான அணுகுமுறைக்கு ‘முரண்பாட்டு நிலைமாற்றம்’ என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் கனமாக இருக்கிறதே என்று ஒதுங்க வேண்டாம். நம் தெருவில் நடப்பதைக் கொண்டே இதைப் புரிந்துகொள்ளலாம்.

அடி விழாத வன்முறை

இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் நார்வே நாட்டு அறிஞர் யோஹான் கால்டுங். 1959இல் ஓஸ்லோவில் அமைதி ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிறுவனத்தைத் தொடங்கியவர். 1969இல் எழுதிய ஒரு கட்டுரையில் அவர் சொன்னதுதான் இன்றுவரை இந்தத் துறையின் முதல் பாடம். ஒருவர் இன்னொருவரை அடித்தால் அது நேரடி வன்முறை. அடித்தவரைக் கை காட்டலாம். நிலம் யார் பெயரில் இருக்கிறது, பாதை யார் வயல் வழியாகப் போகிறது, தண்ணீர்த் தொட்டி எந்தத் தெருவில் இருக்கிறது என்ற ஏற்பாடுகளே ஒரு பகுதி மக்களை நசுக்கிக்கொண்டிருந்தால் அது கட்டமைப்பு வன்முறை. அங்கே யாரும் கை ஓங்கியிருக்க மாட்டார்கள். ஆனாலும் ஒரு தரப்புக்குத் தினமும் காயம் பட்டுக்கொண்டே இருக்கும்.

2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். அப்போது அது வேலூர் மாவட்டம். அந்த ஆண்டு நவம்பரில் மாவட்டம் பிரிந்ததால் இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. விபத்தில் இறந்துபோன தலித் ஒருவரின் உடலைப் பாலாற்றங்கரைச் சுடுகாட்டுக்கு எடுத்துப்போக வழி இல்லை. நடுவில் நிலம் வைத்திருப்பவர்கள் விடுவதில்லை என்று காலனி மக்கள் சொன்னார்கள். அதனால் பாடையைப் பாலத்தின் மேல் கொண்டுபோய், கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். மேலே சிலர் கயிற்றை மெல்ல மெல்ல விட, கீழே நின்றவர்கள் கை நீட்டி வாங்கிக்கொண்டார்கள். அந்த வீடியோவைத் தமிழ்நாடே பார்த்தது.

வீடியோ வெளிவருவதற்கு முந்தின வாரம் அந்த ஊரைப் பற்றி யாரைக் கேட்டிருந்தாலும் ‘பிரச்சினை ஒன்றும் இல்லை, ஊர் அமைதியாக இருக்கிறது’ என்றே சொல்லியிருப்பார்கள். அது பொய்யும் ஆகாது. கலவரம் இல்லை, கல்லெறி இல்லை. கால்டுங் இதைத்தான் எதிர்மறை அமைதி என்கிறார்: நேரடி வன்முறை இல்லாத நிலை, அவ்வளவுதான். அநீதியான ஏற்பாடும் மாறி, இரு தரப்பும் சமமாக நடமாடும் நிலை வந்தால் அதை நேர்மறை அமைதி என்கிறார். பாலத்தின் மேலிருந்து தங்கள் வீட்டுப் பிணத்தை இறக்கியவர்கள் எதிர்மறை அமைதிக்குத் தினசரி விலை கொடுத்து வந்தவர்கள். ஊர் அமைதியாக இருந்தது, அவர்கள் வாய் திறக்காமல் இருந்ததால்.

சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அந்த விஷயத்தை விசாரித்தது. மாவட்ட நிர்வாகம் அந்த மக்களுக்குச் சுடுகாட்டுக்கு நிலம் ஒதுக்கியது. அப்போது நீதிபதிகள் எழுப்பிய ஒரு கேள்வி எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. தலித் மக்களுக்கென்று தனிச் சுடுகாடு ஒதுக்கினால், சாதிப் பிரிவினையை அரசே ஊக்குவிப்பது போல் ஆகாதா என்பதுதான் அது. நிலம் உடனே வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. வீட்டில் பிணத்தை வைத்துக்கொண்டு தவிப்பவரிடம் ‘முதலில் சமூகம் மாறட்டும்’ என்று யாரும் சொல்லக் கூடாது. ஆனால் தனி நிலம் கொடுத்ததோடு கோப்பை மூடிவிட்டால், வழி மறுத்தவருக்கும் மறுக்கப்பட்டவருக்கும் நடுவில் இருந்த உறவு அப்படியேதான் இருக்கும்.

கால்டுங் 1990இல் இதோடு மூன்றாவது ஒன்றையும் சேர்த்தார்: பண்பாட்டு வன்முறை. முதல் இரண்டையும் இயல்பானதாகக் காட்டும் பேச்சும் பழக்கமும். ‘அதெல்லாம் காலங்காலமா அப்படித்தான்’, ‘அவங்களே ஒண்ணும் சொல்றதில்ல, நீ ஏன் கிளப்புற?’ இந்த மாதிரி வாக்கியங்கள் எல்லார் வீட்டிலும் புழங்குகின்றன.

வேன், மேசை, அதற்கப்புறம்

1992இல் ஐக்கிய நாடுகள் சபைப் பொதுச் செயலாளர் புட்ரோஸ் புட்ரோஸ் காலி ஓர் அறிக்கை கொடுத்தார். அமைதிக்கான வேலைகளை அதில் தனித்தனியாகப் பிரித்துச் சொன்னார். சண்டை மூளும் முன் தடுப்பது ஒன்று. மற்ற மூன்றையும் நம்மூர்க் கணக்கில் இப்படிச் சொல்லலாம். இரண்டு தரப்பும் மோதாமல் நடுவில் ஆள் நிறுத்துவது ஒரு வேலை. அதைப் போலீஸ் வேன் செய்கிறது. பேச்சு நடத்தி உடன்பாடு எழுதுவது இன்னொரு வேலை. அதைத் தாசில்தாரும் கோட்டாட்சியரும் செய்கிறார்கள். மறுபடி மோதல் வராதபடி வாழ்க்கையைக் கட்டமைப்பது மூன்றாவது; அமைதியைக் கட்டியெழுப்புதல் என்று முன்னே சொன்னது இதைத்தான். முதல் இரண்டுக்கும் வண்டி இருக்கிறது, அலுவலகம் இருக்கிறது, பதிவேடு இருக்கிறது. மூன்றாவதை இது என் பொறுப்பு என்று எடுத்துக்கொள்ள யாரும் இல்லை. நம் ஊர்களில் ஒரே தகராறு பத்து வருடத்துக்கு ஒரு முறை திரும்பி வருவதற்கு நான் காணும் பெரிய காரணம் இதுதான்.

ஜான் பால் லெடராக் என்ற அமெரிக்கர் 1980களில் மத்திய அமெரிக்காவில் சமரச வேலை செய்தவர். ‘மோதலைத் தீர்க்கிறோம்’ என்று அவர் போன இடங்களில் மக்கள் சந்தேகத்தோடு பார்த்தார்களாம். தீர்ப்பது என்றால் எங்கள் கோரிக்கையை அமுக்கிவிட்டு எங்களைச் சும்மா இருக்கச் சொல்வதுதானே என்பது அவர்கள் பயம். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது என்று உணர்ந்துதான் அவர் நிலைமாற்றம் என்று பேசத் தொடங்கினார். தீர்வு, இன்றைய சண்டையை முடிக்கும். நிலைமாற்றம், அந்தச் சண்டையை விளைவிக்கும் உறவையும் ஏற்பாட்டையும் மாற்றப் பார்க்கும். முதலாவதற்கு ஒரு மாலை நேரம் போதும், இரண்டாவதற்கு ஒரு தலைமுறை ஆகலாம்.

நம் மாவட்டத்தின் பெயரிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. 1989இல் பழைய வட ஆற்காடு பிரிந்தபோது இந்தப் பகுதிக்கு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர் வைத்தார்கள். 1997இல் தென் மாவட்டங்களில் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரைச் சூட்டியதை ஒட்டிப் பெரிய சாதிக் கலவரம் மூண்டது. அரசு, எல்லா மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை எடுத்துவிட்டது. எங்கோ தெற்கில் நடந்த மோதலால் இங்கே அம்பேத்கர் பெயர் போய் வெறும் வேலூர் மாவட்டம் ஆனது. சண்டைக்குச் சாக்காக இருந்த பெயர்ப் பலகை போனது, சண்டை நின்றது. ஒரு தலித் வீரரின் பெயர் தாங்கிய பஸ்ஸில் ஏற மாட்டேன் என்ற மனம் எங்கே போனது?

அதே காலத்தில் அதே அரசு தொடங்கிய சமத்துவபுரம் திட்டம் வேறு மாதிரியானது. நூறு வீடுகள்; அதில் ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. ஒரே தெரு, எல்லாருக்கும் பொதுவான சுடுகாடு. ஊர் தனி, காலனி தனி என்ற ஏற்பாட்டிலேயே கை வைத்த திட்டம் அது. பக்கத்து வீட்டில் குடிவைத்துவிட்டால் மட்டும் மனம் ஒட்டிவிடாது என்பதும் உண்மை. ஆனால் எந்தத் திசையில் அடி எடுத்துவைப்பது என்று பார்த்தால், பெயரை அழித்ததைவிட இது எவ்வளவோ மேல்.

மேசைக்கு வராத விஷயம்

ஒரு சமாதானக் கூட்டத்தில் ஓரமாக உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ஆடி மாதத் திருவிழா. அம்மன் ஊர்வலம் காலனித் தெருவுக்குள் வர வேண்டும் என்பது ஒரு தரப்பு, வழக்கம் இல்லை என்பது இன்னொரு தரப்பு. நீள மேசை, இந்தப் பக்கம் ஆறு பேர், அந்தப் பக்கம் ஆறு பேர். எல்லாரும் ஆண்கள், எல்லாரும் ஐம்பது தாண்டியவர்கள். டீ வந்தது. ஒரு மணி நேரம் ஊர்வலப் பாதையைப் பற்றியே பேசினார்கள். கடைசியில் இந்த வருடம் திருவிழாவே வேண்டாம் என்று தட்டச்சு செய்த தாளில் பன்னிரண்டு கையெழுத்து விழுந்தது.

வெளியே புங்கமரத்தடியில் காலனிப் பெண்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். என்ன ஆச்சு என்று கேட்ட ஓர் அம்மாவிடம் சொன்னேன். அவர் ஊர்வலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “சாமி வரலன்னா போவட்டும்பா. எங்க பொண்ணுங்க அந்தத் தெரு வழியாத்தான் ஸ்கூலுக்குப் போவுதுங்க. போன வாரத்துலேர்ந்து பசங்க வண்டிய குறுக்கால வுட்டுக் கிண்டல் பண்றானுங்க. அத யாராவது பேசுனாங்களா?” என்றார். யாரும் பேசவில்லை. அதைப் பேசக்கூடியவர்கள் மரத்தடியில் இருந்தார்கள்.

இந்தத் துறையில் நிலைப்பாடு, தேவை என்று இரண்டைப் பிரிப்பார்கள். ‘ஊர்வலம் வர வேண்டும்’, ‘வரக் கூடாது’ என்பது நிலைப்பாடு. பயமில்லாமல் நடக்க வேண்டும், என்னையும் இந்த ஊர்க்காரராக மதிக்க வேண்டும், என் பாட்டன் காத்த கோயில் என் கையை விட்டுப் போய்விடக் கூடாது என்பவை தேவைகள். கடைசியில் சொன்னது எதிர்த் தரப்பின் தேவை. அதையும் காது கொடுத்துக் கேட்கத்தான் வேண்டும்; கேட்பதால் அதை ஒத்துக்கொண்டதாக ஆகிவிடாது. நிலைப்பாட்டை மட்டும் வைத்துப் பேசினால் ஒருவர் ஜெயிக்க வேண்டும், ஒருவர் தோற்க வேண்டும். இல்லாவிட்டால் திருவிழாவையே நிறுத்த வேண்டும். தேவைகளைப் பேசினால் வழி கொஞ்சம் அகலும்.

நம் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயில் அக்கினி வசந்த விழாவில் கிருஷ்ணன் தூது கூத்து விடிய விடிய நடக்கும். பாதி நாடு கொடு, இல்லாவிட்டால் ஐந்து ஊர் கொடு, அதுவும் இல்லையா, ஐந்து வீடாவது கொடு என்று கிருஷ்ணன் இறங்கி இறங்கி வருவான். துரியோதனன் அசைய மாட்டான். பேரம் முழுக்க நிலத்தின் அளவைப் பற்றியே நடக்கும். ஆனால் தூது கிளம்பும்போதே திரௌபதி விரித்த கூந்தலோடு வந்து நிற்கிறாள். சபையில் தனக்கு நடந்ததை யார் கேட்பது என்று கிருஷ்ணனிடம் அழுகிறாள். ஐந்து வீடு கிடைத்திருந்தால் போர் நின்றிருக்கலாம். அவள் கூந்தல் முடிந்திருக்குமா? நிலத்தை அளந்து பிரிக்கலாம். அவமானத்தை அப்படிப் பிரித்துக் கொடுக்க முடியாது. நடந்ததை நடந்தது என்று ஒருவர் சொல்ல வேண்டும், இன்னொருவர் அதைக் கேட்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி முடிந்த பிறகு 1996இல் டெஸ்மண்ட் டூட்டு தலைமையிலான உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் செய்ய முயன்றது இதைத்தான். பாதிக்கப்பட்டவர்களிடமிருந்து 21,000க்கும் மேற்பட்ட வாக்குமூலங்களை வாங்கினார்கள். பல விசாரணைகள் வெளிப்படையாக, ரேடியோவிலும் டிவியிலும் நடந்தன. நிலமும் சொத்தும் பழையபடியே வெள்ளையர் கையில் பெரும்பகுதி இருந்ததால் அந்த நல்லிணக்கம் அரைகுறையாகவே நின்றது என்ற விமர்சனமும் நியாயமானது.

முரண்பாடு கெட்டதா?

இதைப் புதிதாகப் படிப்பவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் இது. முரண்பாடே இல்லாத ஊர்தான் நல்ல ஊர் என்று நினைக்கிறோம். வன்முறை இல்லாமல் முரண்படத் தெரிந்த ஊர்தான் நல்ல ஊர். பாலாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். தோல் தொழிற்சாலைக் கழிவு கிணற்றிலும் நிலத்திலும் இறங்கி, தென்னை பட்டுப்போனபோது உழவர்கள் ‘ஊர் அமைதி முக்கியம்’ என்று பேசாமல் இருந்திருக்கலாம். இருக்கவில்லை. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28இல் வந்த தீர்ப்பு, மாசு செய்தவரே இழப்பீடு கொடுக்க வேண்டும் என்பதை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஆக்கியது. இன்று நாடு முழுக்கச் சட்ட மாணவர்கள் வேலூர் பெயரைச் சொல்லித்தான் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிறார்கள். முரண்பட்டதால் கிடைத்த நன்மை அது.

ஆனால் அதே பாலாற்று மாசு குறித்து 2025 ஜனவரி 30இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது: இழப்பீடு கொடுங்கள், குழு அமையுங்கள், ஆற்றை மீட்டெடுங்கள் என்று. இடையில் 28 ஆண்டுகள் ஓடிவிட்டன. யார் பணம் கட்ட வேண்டும் என்று தீர்ப்பு சொல்லும். நிலம் கெட்டுப்போன உழவர், தொழிற்சாலையை மூடினால் கூலி போய்விடும் என்று பயப்படும் தோல் தொழிலாளி, கடன் வாங்கித் தொழில் நடத்தும் சிறு முதலாளி ஆகிய மூவரையும் ஒரே இடத்தில் உட்காரவைத்து, இந்த ஆற்றை நம்பி இனி எப்படிப் பிழைப்பது என்று பேசவைப்பது எந்த நீதிமன்றத்தாலும் முடியாத வேலை.

நடுவில் இருப்பவர்கள்

அப்படியானால் யாரால் முடியும்? லெடராக் சமூகத்தை மூன்று அடுக்காகப் பார்க்கச் சொல்கிறார். உச்சியில் அமைச்சர், கலெக்டர், கட்சி மாவட்டச் செயலாளர். அடியில் நாம் எல்லாரும். நடுவில் தலைமை ஆசிரியர், பள்ளிவாசல் முத்தவல்லி, பாதிரியார், கோயில் தர்மகர்த்தா, வணிகர் சங்கச் செயலாளர், மகளிர் சுயஉதவிக் குழுத் தலைவி, தொழிற்சங்கக்காரர். இந்த நடு அடுக்கைத்தான் அவர் மிகவும் நம்புகிறார். கலெக்டருக்கும் இவர்களால் போன் போட முடியும், தெருவில் கல் எடுத்த பையனின் அப்பாவையும் இவர்களுக்குப் பெயர் சொல்லித் தெரியும். தேர்தல் முடிந்தாலும் ஊரைவிட்டுப் போக மாட்டார்கள்.

2002இல் வெளிவந்த ஆய்வில் அசுதோஷ் வார்ஷ்ணே என்ற அரசியல் அறிவியலாளர் காட்டியதும் இதற்கு ஒத்துப்போகிறது. அலிகாரிலும் கோழிக்கோட்டிலும் இந்து, முஸ்லிம் மக்கள்தொகை விகிதம் ஏறக்குறைய ஒன்று. அலிகாரில் கலவரம் திரும்பத் திரும்ப வந்தது, கோழிக்கோட்டில் வரவில்லை. கோழிக்கோட்டில் வணிகர் சங்கம், தொழிற்சங்கம், வாசகர் மன்றம் என்று இரு மதத்தவரும் சேர்ந்திருக்கும் அமைப்புகள் வலுவாக இருந்தன. வதந்தி கிளம்பினால் அதை விசாரித்து அடக்க, ஏற்கெனவே பழகிய ஆட்கள் இருந்தார்கள். பண்டிகைக்கு பிரியாணி கொடுப்பதும் பலகாரம் கொடுப்பதும் அழகான பழக்கம்தான். ஆனால் பெரிய நகரத்தில் பதற்றம் ஏறும்போது அது மட்டும் தாங்காது, சேர்ந்து இயங்கும் அமைப்பு வேண்டும் என்கிறார் அவர்.

சேர்ந்து இருப்பதிலும் விதம் இருக்கிறது. கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954இலேயே சொன்னார்: இரு தரப்பும் பழகினால் வெறுப்பு குறையும், ஆனால் சமமான நிலையில் பழக வேண்டும், பொதுவான இலக்கு வேண்டும், ஒத்துழைத்துச் செய்யும் வேலை வேண்டும், மேலிருப்பவர்களின் ஆதரவு வேண்டும். பண்ணையாரும் கூலிக்காரரும் தினமும் பார்த்துப் பேசிக்கொள்கிறார்கள். அதனால் சாதி போகவில்லையே, ஏன் என்பதற்கு இதில் பதில் இருக்கிறது. சுதந்திர தினத்துச் சமபந்தி விருந்தில் அந்த ஒரு மணி நேரம் சமநிலை இருக்கிறது. சாப்பிட்டு எழுந்தால் சேர்ந்து செய்ய வேலை எதுவும் இல்லை. ராணிப்பேட்டையிலோ ஆம்பூரிலோ ஷூ கம்பெனி வரிசையில் பக்கத்துப் பக்கத்து மிஷினில் உட்காரும் பெண்களுக்கு அந்த வாய்ப்பு அதிகம். ஒரே சம்பளம், ஒரே பஸ், ஒரே சூப்பர்வைசர்.

வட அயர்லாந்தில் புரொட்டஸ்டன்ட், கத்தோலிக்க மோதலில் 3,500 பேருக்கு மேல் இறந்தார்கள். 1998 ஏப்ரல் 10இல் உடன்பாடு வந்தது. உலகமே கொண்டாடிய உடன்பாடு. ஆனால் பெல்ஃபாஸ்ட்டில் இரு தரப்புத் தெருக்களையும் பிரிக்கும் உயரமான சுவர்கள் இன்னும் நிற்கின்றன. உடன்பாட்டுக்குப் பிறகு புதிதாகச் சில எழும்பவும் செய்தன. அதே பெல்ஃபாஸ்ட்டில் 1981இல், மோதல் ஓயாமல் நடந்துகொண்டிருந்தபோதே, சில பெற்றோர்கள் சேர்ந்து இரு தரப்புப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கும் லகன் கல்லூரி என்ற பள்ளியைத் தொடங்கினார்கள். முதல் நாள் வந்த பிள்ளைகள் 28 பேர். உடன்பாட்டுக்கு 17 ஆண்டுகள் முன்பே அந்தப் பெற்றோர்கள் மூன்றாவது வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கவில்லை.

நமக்கு இன்னும் நெருக்கமானது இலங்கை. வேலூரை ஒட்டிய மேல்மொணவூரில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. 2021 நவம்பரில் முகாம்களுக்கான புதிய வீட்டுத் திட்டத்தை முதலமைச்சர் அங்கேதான் தொடங்கிவைத்தார். ‘2009லேயே போர் முடிந்துவிட்டதே, இவர்கள் ஏன் திரும்பிப் போகவில்லை?’ என்று கேட்பவர்கள் உண்டு. துப்பாக்கி ஓய்ந்தது 2009இல்தான். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் 2017இல் சாலையோரம் உட்கார்ந்து, எங்கள் பிள்ளைகள் எங்கே என்று கேட்கத் தொடங்கினார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத ஊருக்கு, அங்கே அமைதி வந்துவிட்டது என்று யாரை அனுப்புவது?

உங்கள் ஊரில் சமாதானக் கூட்டம் நடந்தால், நீங்கள் அந்த நடு அடுக்கில் ஒருவராக இருந்தால், சில விஷயங்களை விடாமல் கேளுங்கள். பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் மேசையில் இடம் இருக்கிறதா? கையெழுத்துப் போடும் அதே தாளில் அடுத்த கூட்டத்துக்குத் தேதி எழுதியிருக்கிறதா? பாதை, குழாய், சுடுகாடு, கோயில் வரவு செலவு என்று தகராறுக்கு அடியில் இருக்கும் ஏற்பாட்டைச் சரிசெய்வது யார் பொறுப்பு என்று ஒருவர் பெயராவது போட்டிருக்கிறதா? வழக்கு நிலுவையில் இருப்பதால் வேலைக்கோ பாஸ்போர்ட்டுக்கோ அலையும் பையன்கள் இரு தரப்பிலும் இருப்பார்கள். அவர்களின் அம்மாக்களை ஒன்றாக உட்காரவைக்க முடியுமா என்று பாருங்கள். அப்புறம், ஆடித் திருவிழாவைப் பற்றிப் பேச ஆடி வரும்வரை காத்திருக்காதீர்கள். ஊரில் யாருக்கும் யார் மேலும் கோபம் இல்லாத தை மாதத்திலேயே பேச்சை எடுங்கள். அப்போது டீ குடிக்கவாவது எல்லாரும் வருவார்கள்.